நாடித்துடிப்பு இருக்கிறதே, பிறகு ஏன் மறித்து வைத்திருக்கிறார்கள்?

தம்பிலுவிலுக்கு அருகே இரவில் வீதிக்குக் குறுக்கே வந்த மாட்டில் மோதி உங்கள் தம்பி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்ததைக் கண்டு, கூட வந்த நண்பர் காலைப் பிடித்து இழுத்ததும் ஒரு சத்தத்துடன் அது நேராகிவிட்டது. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறது என்றும் சொன்னார்கள். அப்படியிருந்தும் இரண்டு நாட்களுக்கு மறித்து வைக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவை காலைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்க மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். "துடிப்பும் இருக்கிறது, எலும்பும் முறியவில்லை, பிறகு எதைத் தேடுகிறார்கள்? டிக்கெட் வெட்டிக்கொண்டு (வைத்தியசாலையிலிருந்து விலகிக்கொண்டு) முறிவு நெரிவு வைத்தியரிடம் போவோம் என்று அம்மா சொல்கிறார், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்டபடி உங்கள் கேள்வி இதுதான்: பாதத்தில் விரல் வைத்துத் துடிப்பை உணர்ந்துவிட்டால், முழங்காலுக்குப் பின்னால் ஓடும் குருதிக்குழாய் பழுதில்லாமல் இருக்கிறது என்று நம்பலாமா?

அந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து நம்ப முடியாது. தம்பியை அங்கிருந்து எங்கும் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் செய்வது வீண் தாமதம் அல்ல; செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார்கள். கிழக்கு மாகாணத்தில் அவசர சிகிச்சைப் பிரிவிலும் என்பு முறிவு விடுதியிலுமாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணன் அல்லன். அத்தகைய ஒருவரின் கையில் நோயாளியை நேரத்துக்கு ஒப்படைப்பதுதான் என் வேலையாக இருந்தது. தம்பியின் காலையும் நான் பார்க்கவில்லை. ஆகையால் அவருடைய நாடி (அந்தக் குருதிக்குழாய்) கிழிந்திருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து சொல்லவே முடியாது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லலாம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். முழங்கால் விலகியது என்று நம்மவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் முன்னாலுள்ள முழங்காற் சில்லு பக்கத்துக்கு நழுவியதைத்தான் குறிக்கிறார்கள். அது வலிக்கும், வீங்கும், ஆனால் நாடியைத் தொடுவது மிக அரிது. உங்கள் தம்பிக்கு நடந்ததாக நீங்கள் விவரிப்பது வேறு. தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கின்றன. அப்படி விலக வேண்டுமானால் முழங்காலைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களில் இரண்டோ மூன்றோ அறுந்திருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தசைநாரும் தெரியாது, நாடியும் தெரியாது. மூட்டு திரும்பவும் தன் இடத்துக்குப் போய்விட்டால் படம் சாதாரணமாகவே இருக்கும். இப்படி விலகும் முழங்கால்களில் பாதி வரை வைத்தியர் கண்ணில் படும் முன்பே நேராகிவிடுகின்றன. நேரான காலோடு வருகிறவரைப் பார்த்து "வெறும் சுளுக்கு" என்று நினைத்துவிடுவதுதான் இந்தக் காயத்தில் நடக்கும் முதல் தவறு. கொழுத்த உடம்புள்ளவர்களுக்குப் படியிறங்கும்போது கால் சறுக்கியே முழங்கால் விலகிவிடுவதுண்டு. வேகமான விபத்து இல்லையே என்று அவர்களையும் அலட்சியம் செய்யக் கூடாது, அவர்களிடத்திலும் நாடி கிழிவது குறைவில்லை.

இனி நாடிக்கு வருகிறேன். நாடி என்று நான் எழுதுவது இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் குழாயை. விரலில் படுவதை நாடித்துடிப்பு என்றே எழுதுகிறேன். தொடையிலிருந்து வரும் பெரிய நாடி முழங்காலின் பின்குழிக்குள் நுழையும் இடத்தில் ஒரு தசையின் இடைவெளியால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழே கெண்டைக்கால் தசையின் நார் வளைவுக்கு அடியில் போகும் இடத்திலும் அதே போல் பிடிப்பு உண்டு. வாவியில் வலை கட்ட ஊன்றிய இரண்டு கம்புகளுக்கு இடையில் இழுத்துக் கட்டிய கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று அசைந்தால் கயிறு விலகிக்கொள்ள வழியில்லை, அது இழுபடும். முழங்கால் நேராகும் அளவையும் மீறிப் பின்பக்கமாக வளைந்து கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்பட்டால் நாடி நீளவாக்கில் இழுபட்டு உட்பக்கம் கிழிகிறது. கீழ்க்கால் எலும்பு பின்னால் தள்ளப்பட்டால் அதன் விளிம்பு நாடியை அறுத்தே விடலாம். முழங்காலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கிளை நாடிகள் இருக்கின்றன. ஆனால் பெரிய நாடி அடைபட்டால் கீழ்க்கால் முழுவதற்கும் குருதி கொடுக்க அவற்றால் முடியாது.

துடிப்பு இருக்கும்போதே ஆபத்தும் இருப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா, விடை அந்த உட்பக்கக் கிழிவில் இருக்கிறது. நாடியின் சுவர் மூன்று படைகளால் ஆனது. வெளிப்படை உறுதியானது, கடைசியாகத்தான் அறும். உள்ளே இருப்பது மெல்லிய வழவழப்பான படை. இழுபடும்போது முதலில் கிழிவது அதுதான். சட்டைக் கைக்குள் இருக்கும் உள் துணி கிழிந்து மடிந்துகொண்டால் கையை நுழைக்கும்போது தடக்குவது போல, கிழிந்த உட்படை குழாய்க்குள் மடிந்து நிற்கிறது. முதல் சில மணி நேரம் குருதி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பாதத்தில் துடிப்பும் இருக்கும். பிறகு அந்தக் கிழிந்த இடத்தில் குருதி கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். மாலையில் திறந்திருந்த குழாய் நள்ளிரவில் அடைபடலாம், மறுநாளும் அடைபடலாம். இது ஊகம் அல்ல. சத்திரசிகிச்சையின்போது நாடியைத் திறந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது.

துடிப்பை மட்டும் நம்பினால் எத்தனை பேரைத் தவறவிடுவோம் என்பதற்கும் கணக்கு உண்டு. பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2002இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சத்திரசிகிச்சை தேவைப்பட்ட நாடிக் காயங்களில் 100க்கு 79ஐத்தான் பாதத் துடிப்பின் குறைபாடு காட்டிக்கொடுத்தது. மீதி 21 பேருக்கும் பாதத்தில் துடிப்பு சரியாகவே இருந்தது. முழங்கால் விலகியவர்களில் எத்தனை பேருக்கு நாடி சேதமாகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை வெகுவாக மாறுகிறது. 1977இல் வெளியான பழைய தொகுப்பொன்று 32 சதவீதம் என்றது. 2014இல் வெளியான தொகுப்பு 18 சதவீதம் என்றது. எந்த அளவு காயத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள், யாரெல்லாம் பெரிய வைத்தியசாலைக்கு வந்து சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவருக்காவது இருக்கலாம் என்று எதிர்பார்த்துத்தான் விடுதியில் வேலை செய்ய வேண்டும்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்றேன் என்று சொல்ல முடியவில்லை. பல வருடங்களுக்கு முன் பெரும்போக அறுவடை நாட்களில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வரப்பில் உழவு இயந்திரம் சரிந்து கால் அதனடியில் முறுகியிருந்தது. துறையில் பாதை (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவை) வரும்வரை காத்திருந்து, வாவியைக் கடந்து, முச்சக்கர வண்டியில் வந்து சேர நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் நேராக இருந்தது, முழங்கால் வீங்கியிருந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்தேன், துடிப்பு இருந்தது. "நாடித்துடிப்பு உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வயலிலேயே யாராவது முழங்காலை இழுத்து நேராக்கினார்களா என்று நான் கேட்கவில்லை. கையிலும் காலிலும் அழுத்தம் அளக்கவில்லை. இரவில் கெண்டைக்கால் வலிக்கிறது என்று அவர் முனகியபோது வலிக்கு ஊசி போடச் சொன்னார்கள், அவரும் உறங்கிவிட்டார். காலையில் அவருடைய பாதம் குளிர்ந்திருந்தது. உடனே அனுப்பினோம். தொடையோடு காலை எடுக்க வேண்டியதாயிற்று. நான் எழுதிய அந்த இரண்டு சொற்களும் எழுதிய நேரத்தில் உண்மைதான். அவை எத்தனை மணி நேரத்துக்கு உண்மை என்பதை நான் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வந்த எந்த வீங்கிய முழங்காலையும் அழுத்தம் அளக்காமல் நான் விடுதிக்கு அனுப்பியதில்லை.

அந்த அழுத்தம் அளப்பதைத்தான் உங்கள் தம்பிக்கும் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "கையிலும் காலிலும் பிரஷர் பார்த்தார்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பது அதுவாகவே இருக்க வேண்டும். இதைக் கணுக்கால்–கை அழுத்த விகிதம் என்போம். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே பிரஷர் பட்டியைச் சுற்றி, பாதத்து நாடியின் மேல் டொப்ளர் என்ற சிறிய ஒலிக் கருவியை வைத்தால் குருதி ஓடும் சத்தம் கேட்கும். சத்தம் நிற்கும்வரை காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கும்போது எந்த அளவில் சத்தம் திரும்ப வருகிறதோ அதுதான் கணுக்காலின் அழுத்தம். கையிலும் அதே முறையில் எடுத்து, கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். கையில் 120, காலில் 116 என்றால் விகிதம் 0.97. காலில் 98 என்றால் 0.82. பொதுவாக 0.9 என்பதை எல்லைக் கோடாக வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே போனால் நாடியில் தடை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அடிபடாத காலிலும் அளந்து ஒப்பிடுவது நல்லது. விரலில் துடிப்பு இருப்பதாகப் படுவது சில வேளை பரிசோதிப்பவரின் சொந்த விரல் நுனித் துடிப்பாகவே இருக்கும். நள்ளிரவில், வீங்கிய பாதத்தில், அந்த ஏமாற்றம் அனுபவசாலிக்கும் நேரும். எண்ணாக எழுதி வைத்தால் அடுத்த முறை அளப்பவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், வாதத்துக்கு இடமில்லை.

இந்த 0.9 என்ற கோட்டுக்கு ஆதாரமாக அதிகம் எடுத்துச் சொல்லப்படுவது 2004இல் வெளியான ஓர் ஆய்வு. முழங்கால் விலகிய 38 பேரை எடுத்தார்கள். 11 பேருக்கு விகிதம் 0.9க்குக் கீழே இருந்தது. அந்த 11 பேருக்கும் நாடியில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. மீதி 27 பேரில் ஒருவருக்கும் நாடிக் காயம் வெளிப்படவில்லை. மிக அழகான முடிவு. ஆனால் 38 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆகையால் 0.91 வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்று நான் ஒருபோதும் நினைக்க மாட்டேன். இந்த விகிதத்துக்கு வேறு பலவீனங்களும் உண்டு. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களின் நாடிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். பட்டி எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காமல் பொய்யாக உயர்ந்த எண் வரும். குருதி இழந்து அழுத்தம் விழுந்திருப்பவரிடம் எண்ணை நம்பிப் படிக்க முடியாது. உங்கள் தம்பிக்கு இருபத்து நான்கு வயது, நீரிழிவு இல்லை என்கிறீர்கள். எனவே இந்த அளவீடு அவருக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அதுவும் அளந்த நேரத்தைப் பற்றித்தான் பேசும். உட்படை கிழிந்து, ஓட்டம் இன்னும் தடைபடாமல் இருந்தால் விகிதம் சரியாகவே வரும்.

அதனால்தான் மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். 2004இலேயே வெளியான இன்னோர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வந்தவுடன், 4 முதல் 6 மணித்தியாலத்தில், 24 மணித்தியாலத்தில், 48 மணித்தியாலத்தில் என்று திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். குறை தென்பட்டவர்களுக்கு மட்டும் நாடிப் படம் எடுத்தார்கள். தவறாமல் திரும்பத் திரும்பப் பார்த்தால் எல்லாருக்கும் படம் எடுக்கத் தேவையில்லை என்பதே அதன் முடிவு. மேலே சொன்ன 79 என்ற கணக்கோடு இது முரண்படுவது போலத் தோன்றும். ஒரு தடவை விரல் வைத்துப் பார்ப்பதற்கும் இரண்டு நாட்களுக்கு ஒழுங்காகக் கண்காணிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது என்பது என் கருத்து. உங்களிடம் சொன்ன இரண்டு நாள் என்ற கணக்கும் இந்த 48 மணித்தியாலத்திலிருந்து வந்ததுதான். மணிக்கு ஒரு தடவை என்பது ஆரம்பத்தில். நேரம் செல்லச் செல்ல இடைவெளியைக் கூட்டுவார்கள்.

தாதியர் வந்து என்ன பார்க்கிறார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதத்தின் மேற்பக்கத்திலும் உட்கணுக்காலுக்குப் பின்னாலும் துடிப்பைத் தேடுவார். நல்ல தாதியர் துடிப்பு கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு சிறு புள்ளடி போட்டு வைப்பார், அடுத்த முறையில் வருபவர் அதே இடத்தைத் தொடும்படி. நகத்தை அழுத்தி விட்டால் வெளிறிய இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்கிறதா, பாதம் மற்றப் பாதத்தைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். நம்முடைய கறுத்த தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது. உள்ளங்காலையும் நகத்தடியையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெருவிரலை மேலே தூக்கச் சொல்வார், முதலாம் இரண்டாம் விரல்களுக்கு இடையில் தொட்டால் தெரிகிறதா என்று கேட்பார். இது நரம்புக்கான சோதனை. முழங்காலின் வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் நரம்பு இந்தக் காயத்தில் நாலில் ஒருவருக்குச் சேதமாகிறது. பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் மரத்துப்போவது நரம்பு இழுபட்டதாலும் இருக்கலாம், குருதி இல்லாமல் நரம்பு வாடுவதாலும் இருக்கலாம். "நரம்புதான் கொஞ்சம் அதிர்ந்திருக்கிறது, சரியாகிவிடும்" என்று சொல்லிவிடும் முன், அது குருதிக் குறைவால் அல்ல என்று ஒருவர் உறுதி செய்ய வேண்டும். வந்தபோது இருந்த மரப்பு பெரும்பாலும் நரம்பினுடையது. வந்தபோது இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகத் தோன்றும் மரப்பை நான் நாடியினுடையது என்றே எடுத்துக்கொள்வேன், அப்படி இல்லையென்று நிரூபிக்கப்படும்வரை.

வலியைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கீழ்க்கால் தசைகள் நான்கு இறுகிய உறைகளுக்குள் இருக்கின்றன. குருதி குறைந்து பிறகு திரும்ப ஓடினாலும், உள்ளே குருதி கசிந்தாலும், தசை வீங்கி அந்த உறைக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே பிறகு சிறிய குருதிக்குழாய்களை நெரித்துவிடும். பெரிய நாடி திறந்திருப்பதால் அப்போதும் பாதத்தில் துடிப்பு இருக்கும்! முதல் அடையாளம் வலிதான். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, கால் விரல்களைப் பிறர் மெதுவாக மேலே மடக்கும்போது கெண்டைக்காலில் துடிக்கும் வலி. அப்படி வந்தால் உறைகளைக் கீறித் திறந்துவிட வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. தம்பி வலி தாங்காதவர் என்று நினைத்து நீங்களே அவரை அடக்காதீர்கள். இரவில் வலி கூடினால் தாதியரை எழுப்புங்கள்.

இனி அந்த ஸ்கேன். கை நாளத்தில் அயடின் கலந்த மருந்தை ஏற்றி, அது நாடிகளில் ஓடும் வேளையில் சி.டி. படம் எடுப்பார்கள். நாடி எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அயடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் யோசித்துச் செய்வார்கள். முன்பு எப்போதாவது அப்படி ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டொப்ளர் அல்ட்ராசவுண்ட் படமும் உதவும், ஆனால் அது செய்பவரின் கைத்திறமையை மிகவும் நம்பியிருக்கிறது. வீங்கிய முழங்காலின் பின்குழியில் பார்ப்பது கடினம். விகிதம் 0.9க்குக் கீழே வந்தாலோ, துடிப்பு மற்றக் காலைவிட மெலிந்திருந்தாலோ, முன்பு இருந்தது குறைந்தாலோ ஸ்கேன் வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாம் சரியாக இருப்பவருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதில்தான் நிபுணர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். சிலர் எல்லாருக்கும் எடுக்கிறார்கள். சிலர் கண்காணித்துத் தேவைப்பட்டால் மட்டும் எடுக்கிறார்கள். எல்லாருக்கும் எடுத்தால், ஓட்டத்தைத் தடுக்காத சின்னஞ்சிறு உட்கிழிவுகளும் படத்தில் தெரியும். அவற்றில் பல சத்திரசிகிச்சை இல்லாமலே ஆறிவிடுகின்றன. அவற்றை என்ன செய்வது என்ற புதிய கேள்வி எழும். என்னைக் கேட்டால், இரவு முழுவதும் ஒழுங்காகக் கண்காணிக்கத் தாதியர் போதுமான அளவில் இருக்கும் விடுதியில் கண்காணிப்பே போதும். ஐம்பது கட்டிலுக்கு இரண்டு தாதியர் இருக்கும் இரவில், படம் எடுத்துவிடுவதே பாதுகாப்பு. எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளில் ஒரு வைத்தியர் "அனுப்புவோம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் மனதில் போடுகிறார்.

ஸ்கேனுக்காகக் காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. பாதத்தில் துடிப்பே இல்லை, பாதம் வெளிறிக் குளிர்ந்துவிட்டது, பின்குழியில் வீக்கம் கண்முன்னே பெருகுகிறது, காயத்திலிருந்து குருதி துடித்துத் துடித்துப் பாய்கிறது என்றால் நேரே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். முழங்கால் விலகிய காயத்தில் நாடி எந்த இடத்தில் சேதமாகும் என்பது ஏற்கெனவே தெரியும். படம் தேவையென்றால் மேசையில் படுக்க வைத்தே எடுத்துக்கொள்ளலாம். மூட்டு இன்னும் விலகியே இருந்தால் முதலில் நேராக்கி, உடனே துடிப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். நேராக்கியதும் துடிப்பு திரும்பிவிட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் அவரையும் அதே இரண்டு நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

அவசரம் ஏன் என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கணக்கு ஒன்று என் மனதில் எப்போதும் நிற்கிறது. அப்போது கிழிந்த நாடியைப் பெரும்பாலும் கட்டித்தான் விடுவார்கள், இணைப்பது அரிது. 1946இல் வெளியான அமெரிக்கப் படையினரின் கணக்கில், முழங்காலின் பின்னுள்ள நாடி காயப்பட்டவர்களில் 100க்கு 70க்கும் மேற்பட்டவர்கள் காலை இழந்தார்கள். கொரியப் போரில் நாடியை இணைக்கத் தொடங்கிய பிறகு அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. மேலே சொன்ன 1977ஆம் ஆண்டுத் தொகுப்பு நேரத்தின் கணக்கைச் சொல்கிறது: 8 மணித்தியாலத்துக்குள் நாடியைச் சரிசெய்தவர்களில் 11 சதவீதம் பேர் காலை இழந்தார்கள், அதைத் தாண்டியவர்களில் 86 சதவீதம் பேர். இன்றைய வசதிகளில் இந்த எண்கள் சற்று மாறியிருக்கும். ஆனால் குருதி இல்லாமல் தசையும் நரம்பும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது என்பது மாறவில்லை. அடைப்பு ஏற்பட்ட நேரத்திலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடுகிறது. வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

நமது மாவட்டங்களில் அந்த ஆறு மணித்தியாலம் எங்கே கரைகிறது என்று எனக்குத் தெரியும். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கும் மேல். தம்பிலுவிலிலிருந்து எழுபதுக்கும் மேல். படுவான்கரையில் ஓர் உள்ளூர் வைத்தியசாலை, அங்கிருந்து ஓர் ஆதார வைத்தியசாலை, அங்கிருந்து அடுத்தது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணித்தியாலம் போய்விடும். நாடியை இணைக்கத் தெரிந்த கை எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. எனவே பாதம் குளிர்ந்த பிறகு அனுப்புவதைவிட, சந்தேகம் இருக்கும்போதே அனுப்புவது எவ்வளவோ மேல். உங்களை மட்டக்களப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் அதை மறுக்காதீர்கள். போகும்போது விபத்து நடந்த நேரம், முழங்கால் நேரான நேரம், கடைசியாக அளந்த விகிதம், அளந்த நேரம் ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்கின்றனவா என்று பணிவாகக் கேளுங்கள். வழியில் காலை வெறுமையாகத் தெரியும்படி வைத்திருங்கள். சுற்றிக் கட்டி மூடிவிட்டால் மாற்றம் வந்தாலும் யாருக்கும் தெரியாது.

அம்மாவின் விருப்பத்தைப் பற்றி. முறிவு நெரிவு வைத்தியத்தின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. என் தகப்பனாரின் கை முறிந்தபோது எண்ணெய் பூசிக் கட்டித்தான் குணமானது. ஆனால் அங்கே என்ன செய்வார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்: எண்ணெய் தடவி நீவுவார்கள், பிறகு இறுக்கிக் கட்டுவார்கள். உட்படை கிழிந்த நாடியை நீவினால் உறைந்த குருதி மேலும் கீழே தள்ளப்படலாம். வீங்கிக்கொண்டிருக்கும் காலை இறுக்கிக் கட்டினால் நான் மேலே சொன்ன உறை அழுத்தம் இன்னும் ஏறும். கட்டுக்குள் பாதம் நிறம் மாறினால் யாரும் காணப்போவதும் இல்லை. வீட்டிலும் சூடு ஒத்தடம் வேண்டாம், குருதி ஓட்டம் சந்தேகமான காலை உயரத் தூக்கி வைப்பதும் வேண்டாம். நாடி பத்திரம் என்று உறுதியான பிறகும் அறுந்த தசைநார்களுக்கு என்பு முறிவு நிபுணரின் சிகிச்சை வேண்டியிருக்கும். அது வாரக்கணக்கான, சில வேளை மாதக்கணக்கான விடயம், அதைப் பிறகு ஆறுதலாகப் பேசலாம். இந்த 48 மணித்தியாலத்தை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கட்டும். தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோகிறார் என்றால், கொடுக்கும் முன் தாதியரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். திடீரென்று சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கடைசியாக, காலை இழுத்து நேராக்கிய அந்த நண்பர் தன்னால்தான் கெடுதி நடந்ததோ என்று அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தெருவில் தெரியாதவர்கள் காலை இழுக்காமல் அப்படியே மட்டை வைத்து அணைகட்டி, 1990 என்ற எண்ணில் அம்புலன்சை அழைப்பதே முறை. ஆனால் முழங்கால் விலகிய நிலையிலேயே ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் நாடி அவ்வளவு நேரமும் இழுபட்டபடியே இருந்திருக்கும். நாடி கிழிந்திருந்தால் அது பெரும்பாலும் விழுந்த அந்தக் கணத்திலேயே நடந்திருக்கும். முழங்கால் உண்மையிலேயே விலகியிருந்தது என்பதற்குச் சாட்சி அவர் ஒருவர்தான். அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்தக் காலும் நேரான, வீங்கிய, எலும்பு முறியாத ஒரு சாதாரணக் காலாகவே பார்க்கப்பட்டிருக்கும். அவரை இன்று மாலையே விடுதிக்கு வரச் சொல்லுங்கள். கீழ்க்கால் எந்தப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, எத்தனை மணிக்கு அதை நேராக்கினார் என்பதை அவரே வைத்தியரிடம் கையால் காட்டிச் சொல்லட்டும்.